ஏரிமேட்டு மனு

1

போன வாரம் என் மகள் ரோசலிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசு கிடைத்தது. அன்றிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஊரில் பத்திரிகை படிக்கும் உங்களுக்கு எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

நான் மலாயாவில், பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் உத்தியோகம். புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பதும் என் வேலை. இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சொந்த ஊர் தென்னாற்காடு ஜில்லாவில், பனமலைக்கும் கெடாருக்கும் நடுவில் இருக்கிறது. ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே இன்னும் என் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களை அடிக்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள். ஊர் என்று வாய் சொன்னாலும் நாங்கள் ஊருக்குள் இருந்தவர்கள் இல்லை. ஏரிக்கரையை ஒட்டின சேரியில் இருந்தோம். பதினோரு வீடும், கோயில் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட ஒரு கூரைக் கொட்டகையும்தான் சேரி.

ரோசலிக்குப் பதினான்கு வயது. இங்கேயே பிறந்தவள், டவுன் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறாள். அவரவர் தகப்பனாரின் சொந்த ஜில்லாவைப் பற்றி எழுதி வரும்படி டீச்சர் சொல்லியிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதினார்கள். இவள் என்னைக் கேட்கவில்லை. என் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த பழைய இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து, அதிலிருந்து எழுதிவிட்டாள். போன நூற்றாண்டில் எங்கள் ஜில்லாவில் உத்தியோகம் பார்த்த ஒரு வெள்ளைக்காரர் அந்த ஜில்லாவின் மலை, ஆறு, பயிர், வியாபாரம், ஜனங்கள் எல்லாவற்றையும் பற்றி எழுதிய புத்தகம் அது.

பரிசளிப்பு அன்று மேடையில் ஏறி அவள் கட்டுரையை வாசித்தாள். நான் கடைசி பெஞ்சில், வெளுத்த சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். ஆறுகள் வந்தன, மலைகள் வந்தன, ரயில் வந்தது. கடைசியில் கூலி ஜனங்கள் வந்தார்கள். அவர்கள் சாதுவானவர்களாம். நாளையைப் பற்றி நினைக்கத் தெரியாதவர்களாம். கிடைத்ததில் திருப்தி அடைந்து எஜமானின் சொல்லை மீறாமல் வாழ்கிறார்களாம். என் மகள் நல்ல உச்சரிப்போடு வாசித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்ததால் நானும் தட்டினேன்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

"கடைசியில வாசிச்சியே, அது யார் சொன்னது?"

"புக்ல அப்படித்தான் இருக்கு லா." இங்கத்துப் பிள்ளைகள் பேச்சின் முடிவில் இந்த 'லா'வைப் போடாமல் இருக்காது.

"நீ வாசிச்சது உன் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் பத்தி. தெரியுமா?"

"அவங்கள நான் பார்த்ததே இல்லையேப்பா" என்றாள்.

அவள் சொன்னது நிஜம். அவளுக்கு அவர்களைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை. சொன்னால் ஒரு கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

2

அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது யுத்தத்துக்கு முன்னால். எங்கள் தோட்டத்துப் பழைய துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போனபோது வேண்டாத சாமான்களைப் பங்களா வாசலில் குவித்து எரிக்கச் சொன்னார். அவருடைய தகப்பனார் மதராஸ் மாகாணத்தில் இருந்தவராம். நெருப்பு வைப்பதற்கு முன் நான் போய்க் கிளறினேன். அட்டையில் எங்கள் ஜில்லாவின் பெயர் இருந்தது. பூச்சி அரித்த புத்தகத்தைத் தட்டி எடுத்து வந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷை வைத்துக்கொண்டு ஆறு மாதம் படித்தேன்.

மண்ணைப் பற்றி எழுதியதில் பொய் இல்லை. மேற்கே செஞ்சி மலைகள், குண்டுப் பாறை மேல் குண்டுப் பாறையாக. அங்கிருந்து கிழக்கே கடல் வரைக்கும் சரிந்து போகிற தரை. பெரும்பாலும் செம்மண். பெண்ணையாறும் சங்கராபரணியும் மழைக்கு ஓடிவிட்டு மற்ற நாளெல்லாம் மணலாகக் கிடக்கும். ஆற்றை நம்ப முடியாததால் ஊருக்கு ஊர் ஏரி. ஏரிக்குக் கீழே நெல், மேட்டில் கம்பும் கேப்பையும் வரகும். ஒரு காலத்தில் நீலச் சாயத்துக்கான அவுரி செழித்தது. அவுரியின் விலை விழுந்ததும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வந்தது. அதை வண்டி வண்டியாகப் புதுச்சேரிக்கு ஓட்டினார்கள், அங்கே கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். திண்டிவனம் வழியாக விழுப்புரத்துக்கு ரயில் வந்தது. எல்லாம் சரிதான்.

ஆனால் அந்த ஆள் எழுதிய விதம் இருக்கிறதே. ஏரி வெட்டப்பட்டது. கரை உயர்த்தப்பட்டது. தண்டவாளம் போடப்பட்டது. அவுரி கலக்கப்பட்டது. மல்லாட்டை பிடுங்கப்பட்டது. யார் வெட்டினார், யார் மண் சுமந்தார் என்று புத்தகம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஏதோ ஏரி தானாக வாயைத் திறந்துகொண்டது போலவும், தண்டவாளம் பாம்பு மாதிரி ஊர்ந்து வந்து படுத்துக்கொண்டது போலவும் எழுதியிருந்தார். என் அப்பாவைப் பெற்றவர் அவுரித் தொட்டியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கழியால் அடித்துக் கலக்கினவர். சாகும் வரைக்கும் அவருடைய கால் நகங்கள் நீலமாகவே இருந்தன என்று அப்பா சொல்வார். உழவு மாட்டுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. எந்த மாட்டுக்கு எத்தனை வலு, என்ன தீனி, எந்த வியாதிக்கு எங்கே சூடு வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக. எங்களுக்கு ஒரே ஒரு பாரா. அதைத்தான் என் மகள் மேடையில் வாசித்தாள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்தப் புத்தகம் தவறிப்போய் எங்களைக் கண்டிருந்தது. ஏரிகளைப் பற்றிய அத்தியாயத்தில், பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். எங்கள் ஊர்ப் பெயர் பிழையாக அச்சாகியிருந்தது. பனமலையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று இருந்ததால் கண்டுபிடித்தேன். தாது வருஷப் பஞ்சத்தில் ஏரி வறண்டபோது, ஏரிக்குக் கிழக்கே முள்மண்டிக் கிடந்த மேட்டைச் சேரி ஜனங்கள் தாங்களே வெட்டித் திருத்தி விளைநிலமாக்கினார்கள் என்று எழுதியிருந்தார்.

ஏரிமேடு என்று நாங்கள் சொல்லும் நிலம் அதுதான். எங்கள் காலத்தில் அது மணியக்காரர் வீட்டு நிலம். மணியக்காரர் என்றால் ஊரின் அதிகாரியும் அவரே, பெரிய நிலக்காரரும் அவரே. சர்வே வந்தபோது சங்கிலி பிடித்தவர்களுக்குப் பக்கத்தில் நின்றது அவருடைய தகப்பனார். எங்கள் ஆட்கள் தூரத்தில் நின்றார்கள். பக்கத்தில் நின்றவரின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. எங்கள் அப்பா இதைச் சொல்லிச் சொல்லியே செத்தார். குடித்துவிட்டு உளறுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். வெள்ளைக்காரன் அச்சில் போட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் அப்பாவை நம்பினேன். அதற்காகவும் எனக்கு என் மேல் கோபம்.

3

அந்த வருஷம் மார்கழியில் எனக்கு லீவு கிடைத்தது. மனைவியையும் குழந்தையையும் தோட்டத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் கப்பலேறினேன். நாகப்பட்டினத்தில் இறங்கி, விழுப்புரம் வரை ரயில், அப்புறம் கொஞ்சம் வண்டி, மிச்சம் நடை. சட்டைப்பையில் அந்தப் பொடி எழுத்தை நானே அழகாக எடுத்தெழுதிய காகிதம் இருந்தது.

அண்ணன் அருளப்பன் மணியக்காரர் வீட்டுப் படியாள். வருஷம் முழுக்க அந்த வீட்டு வேலை, அதற்கு மாதத்துக்கு இத்தனை படி தானியம் என்ற ஏற்பாடு. அண்ணி தெரேசம்மாள் அதே வீட்டுப் புஞ்சைக் காட்டில் களை எடுக்கவும் மல்லாட்டை பிடுங்கவும் போகிறவர். காகிதத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"எதுக்கு சவரி இந்தப் பேஜாரு" என்றார் அண்ணன். "அந்த மேட்ட நான்தான உழுதுக்கினு கெடக்கறேன். அது யாருதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா கேக்க வேணாமா?"

"கேக்கலாம். கேட்டுட்டு நீ கப்பல் ஏறிடுவ."

அண்ணி காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இன்னா எழுதிக்குது? படிச்சிக் காட்டு" என்றார்.

"இங்கிலீஷ் அண்ணி. உங்களுக்குப் புரியாது. நான் பாத்துக்கறேன்."

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேப்பைக் களி கிண்டப் போனார். அந்த இரண்டு நிமிஷத்தை நான் இத்தனை வருஷமாக மறக்கவில்லை. நான் பாத்துக்கறேன் என்று சொன்ன என் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்தில் துரை எங்களிடம் பேசுகிற குரல் அது.

மறுநாள் மேட்டைக் கேட்டு என் பெயரில் ஒரு மனு எழுதி, அந்தக் காகிதத்தையும் அதோடு சேர்த்து, தாலுகா கச்சேரிக்குக் கொண்டுபோனேன். எந்த ஊர்க் கச்சேரி என்று எழுத மாட்டேன். காலையில் போனவனை மத்தியானம் வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்கவைத்தார்கள். குமாஸ்தா கூப்பிட்டதும் அவசரத்தில் "துவான்" என்று சொல்லிவிட்டேன். மலாய்க்காரர் ஐயாவுக்குச் சொல்லும் வார்த்தை, இத்தனை வருஷத்தில் நாக்கில் ஊறிப்போயிருந்தது.

"என்ன சொன்ன?"

"ஐயான்னு சொன்னேங்க."

"துவானாம். அதெல்லாம் ரப்பர் தோட்டத்துல வச்சுக்க. காகிதத்தைக் கீழ வை."

கீழே வைத்தேன். அவர் அடிக்கோலால் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் மலாயாவில் சீனன் கையைத் தொட்டுக் கட்டுப் போடுகிறவன், துரையின் காலில் முள் எடுக்கிறவன். இங்கே நான் எழுதிய காகிதத்தைத் தொட ஒரு மனிதனுக்குக் கோல் வேண்டியிருந்தது.

உள்ளே இருந்த அதிகாரி வேறு மாதிரி. படித்தவர், மரியாதையாகப் பேசினார். நான் எடுத்தெழுதியதை மூன்று முறை வாசித்தார். "அந்தக் காலத்து வெள்ளைக்காரன் இங்கிலீஷே தனி. பாருமேன், என்ன வாக்கியம்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "புத்தகம் கையில இருக்கா? ஒரு வாரம் கொடுத்தா படிச்சுட்டுத் தர்றேன்" என்றார்.

"மலாயாவுல இருக்குங்க. நிலம், ஐயா?"

"இது வர்ணனைப்பா. நிலத்துக்குப் பதிவேடு இருக்கு. இருந்தாலும் கணக்குப்பிள்ளைய அனுப்பி அந்த இடத்தை அளக்கச் சொல்றேன்."

நான் சந்தோஷமாக வெளியே வந்தேன். அளக்கப்போகிறார்கள் என்று அண்ணனிடம் சொல்ல அத்தனை மைல் நடந்தது ஒரு தூரமாகவே தெரியவில்லை.

4

இங்கே மலாயாவில் இப்போது எல்லோருக்கும் அடையாளக் கார்டு கொடுக்கிறார்கள். காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கிறதால், கார்டு இல்லாதவனைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். போன மாதம் தோட்டத்து ஜனங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். பிறந்த இடம் என்ற வரியில் எழுதுகிறவர் யாரையும் கேட்காமல் மெட்ராஸ், மெட்ராஸ் என்று போட்டுக்கொண்டே போனார்.

"நான் மெட்ராஸைக் கண்ணால் பார்த்ததில்லை. தென்னாற்காடு என்று எழுதுங்கள்" என்றேன்.

"எல்லா கிளிங்கும் மெட்ராஸ்தான்" என்றார் அவர். கிளிங் என்பது இங்கே நம் ஜனங்களைக் கேவலமாகச் சொல்லும் பெயர்.

பின்னால் இருந்தவர்கள் சீக்கிரம் போகச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். ரோசலி என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு வெட்கம். மெட்ராஸ் என்ற கார்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே நிலப் பதிவேட்டில் எங்கள் பெயர் இல்லை, இங்கே பதிவேட்டில் எங்கள் ஊர் இல்லை. யுத்த காலத்தில் இங்கே ஆண்ட ஜப்பான்காரன் மட்டும்தான் சரியாகக் கணக்கெடுத்தான். சயாமில் ரயில் போட, லயம் என்று சொல்லும் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் வீட்டுக்கு வீடு எத்தனை ஆண்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு லாரி அனுப்பினான். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அந்தத் தண்டவாளமும் போடப்பட்டது என்று யாராவது ஒரு நாள் எழுதுவான்.

5

கணக்குப்பிள்ளை சங்கிலியோடு வந்தார். மேட்டுப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏரிக்கரையிலிருந்து ஆரம்பித்து நேராகச் சேரியைத்தான் அளந்தார். மணியக்காரர் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நான் போய்க் கேட்டேன்.

"மேட்டை அளக்கணும்னுதானே ஐயா உத்தரவு?"

"எல்லை தெரியாம எப்படி மேட்டை அளக்கறது? நீ போய் அந்தாண்ட நில்லு."

நான்காம் நாள் நோட்டீஸ் வந்தது. பதினோரு வீடும் ஏரிப் புறம்போக்கில் இருக்கிறதாம். ஆக்கிரமிப்பாம். பதினைந்து நாளுக்குள் காலி செய்யவேண்டுமாம். தாது வருஷத்துக்கு முன்னாலிருந்து அங்கே குடியிருக்கிறவர்கள், என் மனுவினால் ஒரே வாரத்தில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். நோட்டீஸை நான்தான் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வாசிக்கும்போது யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு கிழவர் மட்டும், "நீ கேட்ட நெலம் இதுதானாப்பா?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

மறுநாள் மணியக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். களத்தில் நின்றுகொண்டு பேசினார்.

"நாலு எழுத்துப் படிச்சவன் நீ. உனக்கு நான் சொல்லணுமா? மனுவ வாபஸ் வாங்கிக்கினா, நோட்டீஸ நான் பாத்துக்கறேன். உங்க அண்ணன் எங்க வீட்டு ஆளு. அவன் வீட்டப் பிரிக்கச் சொல்லி எனக்கு இன்னா ஆசையா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த நாள் நான் விழுப்புரத்துக்குப் போகவேண்டியிருந்தது. கப்பலுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட்டும் பாஸும் முடிக்க வேண்டும், லீவு முடியப் பத்து நாள்தான் இருந்தது. டாக்டர் இல்லை, முத்திரை இல்லை, நாளைக்கு வா என்று இரண்டு நாள் அங்கேயே இழுத்துவிட்டார்கள். மிஷன் பள்ளியில் என்னோடு படித்த ஒருவர் வீட்டில் தங்கினேன். பதினோரு வீடும் கண் முன்னால் நின்றன. வாபஸ் வாங்குவதுதான் சரி என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்காமல் மனுப் போட்டது தப்பு என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. யாரையும் கேட்காமல் வாபஸ் வாங்குவதும் அதே தப்பு என்பது மட்டும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில், ஊருக்குப் போகாமல் நேராகக் கச்சேரிக்குப் போனேன். அன்றைக்கு யாரும் என்னை வேப்பமரத்தடியில் நிறுத்தவில்லை. குமாஸ்தா என்னைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். வாபஸ் காகிதம் முன்னாலேயே எழுதித் தயாராக இருந்தது.

"ஜல்தியா கையெழுத்தைப் போடு. வேலை இருக்கு" என்றார். இந்த முறை காகிதத்தைக் கையாலேயே கொடுத்தார்.

ஏரிமேட்டின் மேல் எனக்கோ என் வகையறாவுக்கோ எந்தப் பாத்தியமும் இல்லை, தவறான தகவலின் பேரில் மனுச் செய்துவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. வாசித்துவிட்டுத்தான் போட்டேன். வாசிக்கத் தெரியாதவன் ஏமாந்தான் என்று சொல்லித் தப்பிக்கிற வழிகூட எனக்கு இல்லை. நான் கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் ஒரு ஆள் அதன் நகலை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான். எங்கே இத்தனை வேகமாகப் போகிறான் என்று நான் யோசிக்கவில்லை. கடைத்தெருவில் சேரிப் பிள்ளைகளுக்கு வாழைப்பழமும் காராசேவும் வாங்கிக்கொண்டு, வீடுகளைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிம்மதியில் நடந்தேன்.

6

மல்லாட்டை பிடுங்குவதைப் பற்றி அந்த வெள்ளைக்காரருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கடைசி மழை நின்ற பிறகு செம்மண்ணில் ஈரம் சில நாள்தான் நிற்கும். அந்த ஈரத்தில் பிடுங்கினால் செடியோடு காய் கொத்துக் கொத்தாக வரும். வெயில் அடித்து மண் இறுகிவிட்டால் கொடி மட்டும் கையோடு வரும், காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே தங்கிப்போகும். பிறகு கொத்திக் கொத்தித் தேட வேண்டும், பாதி வீண். அதனால் அந்தச் சில நாளைக்கு நிலக்காரருக்குப் பிடுங்குகிற பெண்களின் கை வேண்டும். பணம் இருந்தாலும் பதிவேடு இருந்தாலும் கை இல்லாமல் ஒன்றும் நடக்காது. சுற்று வட்டாரத்தில் எல்லா ஊரிலும் ஒரே சமயத்தில் பிடுங்குவதால் வெளியூர் ஆளும் கிடைக்காது.

இது அண்ணிக்குத் தெரியும். நான் விழுப்புரம் போன அன்றைக்கே அண்ணி வீடு வீடாகப் போயிருக்கிறார். அடுத்த நாளிலிருந்து சேரியில் ஒரு பெண்ணும் மல்லாட்டைக் காட்டில் இறங்கவில்லை. மணியக்காரர் வீட்டு ஆள் வந்து கூப்பிட்டதற்கு, "பதினஞ்சு நாள்ல வூட்டப் பிரிக்கணும்னு எழுதிக்குது. பிரிக்கற வேலை இருக்குது, காட்டு வேலைக்கு எங்க நேரம்" என்று சொல்லி அனுப்பினாராம். அண்ணன் பயந்து, "பெரியவரு கோச்சிக்குவாரு, நீயாவது போ" என்றதற்கு, "நீ படியாளு, நீ போ. நான் போவல" என்றாராம்.

மூன்று நாள் வெயில் அடித்தது. மண் இறுகிக்கொண்டே வந்தது.

நான் சேரிக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல். பெண்கள் எல்லோரும் கோயில் கொட்டகை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே, "இனிமே பயம் இல்லை. நோட்டீஸ் போச்சு" என்றேன்.

"தெரியும்" என்றார் அண்ணி. "அவரே வந்து சொல்ட்டுப் போனாரு."

"யாரு?"

"மணியக்காரருதான். வெயில் ஏறச்சொல்ல வந்தாரு. சேரிக்குள்ள அவரு கால் வச்சி நான் பாத்ததில்ல. நோட்டீஸ கிழிச்சிடறேன், காட்டுக்கு வாங்கன்னாரு. அது பத்தாதுங்க, ஏரிமேட்டுல பாதியாவது எங்களுக்குப் பயிர் வைக்க வுடணும்னு கேட்டேன். பேசிக்கினே இருந்தாரு. முடியாதுன்னு சொல்லல சவரி. பாதி எப்படி, காவாசி வேணா பாக்கலாம்ன்ற வரைக்கும் வந்தாரு."

அண்ணி ஒரு பிள்ளைக்குப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு மேலே சொன்னார்.

"அப்ப சைக்கிள்ல ஒரு ஆளு வந்தான். காகிதத்தக் குடுத்தான். அவரு படிச்சாரு. படிச்சிட்டு, உன் கொழுந்தனே பாத்தியம் இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டான், நீ இன்னா பேசறன்னு கேட்டாரு. கொடைய விரிச்சிக்கினு போயிட்டாரு."

"வீடெல்லாம் போயிடுமேன்னுதான் அண்ணி" என்றேன்.

"வந்து ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருந்தா சொல்லிருப்போமே" என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. பிறகு மற்றப் பெண்களைப் பார்த்து, "எழுந்திருங்க. நாளைக்குக் காட்டுக்குப் போவணும். மண்ணு இறுகிப் போச்சி, களைக்கொத்து எடுத்துக்கினு வாங்க" என்றார்.

சாதுவானவர்கள், நாளையை நினைக்கத் தெரியாதவர்கள், எஜமானின் சொல்லை மீறாதவர்கள். அந்தப் புத்தகத்தை எழுதியவர் மூன்று நாள் எங்கள் சேரியில் இருந்து பார்த்திருக்க வேண்டும். அவர் எந்த ஏரியின் கரையில் கூடாரம் அடித்துத் தங்கி எழுதினாரோ, அந்தக் கூடாரத்தைச் சுமந்து போனவனையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? நான் அதே சேரியில் பிறந்தும் கேட்கவில்லையே.

நான் புறப்பட்ட நாளன்று அண்ணன் மட்டும் விழுப்புரம் ஸ்டேஷன் வரை வந்தார். அண்ணி காட்டில் இருந்தார். மண்ணுக்குள் தங்கிவிட்ட காயைக் கொத்தி எடுக்கிற வேலை அது, இரண்டு மடங்கு நேரமாகும். மணியக்காரர் வழக்கமான கூலிதான் கொடுத்தாராம்.

7

இதையெல்லாம் பரிசளிப்பு முடிந்த மறுநாள் ரோசலியிடம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். பாதி அவளுக்குப் புரியவில்லை, படியாள் என்றால் என்ன, புறம்போக்கு என்றால் என்ன என்று நடுநடுவே கேட்டாள். அவள் அம்மா இங்கிலீஷ் கலந்து எடுத்துச் சொன்னாள். கேட்டுவிட்டு மகள் சொன்னது இதுதான்: "நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா நான் அதை எழுதியிருப்பேனே. டீச்சர் அப்பாவைக் கேட்டு எழுதுன்னுதான் சொன்னாங்க. நீங்க ஊரைப் பத்திக் கேட்டாலே கோவிச்சுக்குவீங்க." பரிசாகக் கிடைத்த பேனாவை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் கோபத்தை வீட்டில் கொட்டிக்கொட்டி, ஊரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க முடியாத பிள்ளையை வளர்த்து வைத்திருக்கிறேன்.

யுத்தத்தில் நின்றுபோன கடிதப் போக்குவரத்து திரும்ப வந்தபோது, ஊரிலிருந்து முதலில் வந்த செய்தி அண்ணன் இறந்துபோனது. அரிசி கிடைக்காத வருஷத்தில் காய்ச்சலில் போய்விட்டார். நான் ஒரு ஜில்லா ஜனங்களுக்குப் போதுமான கொயினாவைக் கையாலேயே கொடுத்தவன். என் அண்ணனுக்கு ஒரு மாத்திரை போகவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதிய கடிதங்களுக்கு இரண்டு வரிக்கு மேல் அண்ணியிடமிருந்து பதில் வந்ததில்லை.

நேற்று ஒரு கனமான உறை வந்தது. திண்டிவனம் பக்கத்திலிருந்து சேரிக்குப் பாடம் சொல்ல வருகிற ஒரு டீச்சரம்மாவின் கையெழுத்து. உள்ளே ஒரு மனுவின் நகல். தமிழில் எழுதியிருந்தது. இப்போது நம்முடைய சர்க்கார் வந்துவிட்டதால், ஏரிக்குக் கிழக்கே உள்ள மேட்டை எங்கள் பாட்டன்மார் வெட்டித் திருத்தினார்கள், அதை நாங்களும் எங்கள் தாய்மாரும் இன்றுவரை பயிரிட்டு வருகிறோம், அதை எங்கள் பெயரில் எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் புத்தகத்தைப் பற்றி அதில் ஒரு பேச்சும் இல்லை. யார் முள் வெட்டியது, யார் கல் பொறுக்கியது, எந்தப் பக்கத்து வரப்பை எந்த வீட்டார் போட்டது என்று பெயர் பெயராக எழுதியிருந்தது. எனக்குத் தெரியாத பெயர்கள்கூட இருந்தன. அடியில் பதினோரு பெருவிரல் ரேகை, வீட்டுக்கு ஒன்று. முதல் ரேகை தெரேசம்மாளுடையது.

கூடவே அண்ணி சொல்லி எழுதிய ஒரு துண்டுக் கடிதம் இருந்தது. டீச்சரம்மா அவர் பேசியபடியே எழுதியிருந்தார்: "மூணு மாசமா ஒக்காந்து எல்லாரையும் கேட்டுக் கேட்டு எழுதினோம் சவரி. போன வாரம் பதினோரு பேரும் நடந்து போயிக் குடுத்துட்டு வந்தோம். இன்னும் பதில் வர்ல. நீ ஒண்ணும் பண்ண வேணாம். தெரிஞ்சிக்கினு இருக்கட்டும்னு அனுப்பறோம்."

மனுவை மூன்று முறை வாசித்தேன். என் பெயர் எந்த இடத்திலும் இல்லை.